ஓய்வுக்காலச் சேமிப்பு: வட்டியைக் கேட்கும் முன் எடுக்கும் தொகையைக் கணக்கிடுங்கள்

பணி ஓய்வு பெற்றவர் ஒருவர் வங்கிக் கிளைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: “இன்றைக்கு வட்டி எவ்வளவு?” கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்பவர் மிகச் சிலரே: “இந்தப் பணத்திலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு எடுத்தால், எங்கள் இருவரின் காலம் முடியும்வரை அது வரும்?”

சென்ற ஆண்டு எங்கள் கிளைக்கு ஒரு தம்பதியர் வந்திருந்தனர். கணவர் தனியார் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராகப் பணியாற்றி 60 வயதில் ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 56 வயது. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, முன்பே சேர்த்து வைத்திருந்த வைப்புகள் ஆகிய எல்லாம் சேர்ந்து அவர்களிடம் 60 இலட்சம் ரூபாய் இருந்தது. சொந்த வீடு உண்டு, கடன் இல்லை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் மாதம் 5,000 ரூபாய் வருகிறது.

“எட்டு விழுக்காடு வட்டி கிடைத்தால் மாதம் 40,000 வந்துவிடும் சார். வட்டியை மட்டுந்தான் எடுப்போம், அசலைத் தொடவே மாட்டோம்” என்றார் கணவர். கணக்கில் பிழையில்லை. 60 இலட்சத்துக்கு 8 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம். மாதத்துக்குச் சரியாக 40,000 ரூபாய். பிழை இருந்தது, அந்த 40,000 ரூபாய் என்றைக்கும் அதே 40,000 ரூபாயாக இருக்கும் என்ற எண்ணத்தில்.

விலைவாசி செய்யும் வேலை

இந்தியாவில் சில்லறைப் பணவீக்கத்தை 4 விழுக்காட்டை ஒட்டி வைத்திருப்பதே ரிசர்வ் வங்கிக்கு அளிக்கப்பட்டுள்ள இலக்கு. அது 2 விழுக்காடு கூடவோ குறையவோ செய்யலாம். ஆக, மேல் எல்லை 6 விழுக்காடு. முதியோர் வீட்டுச் செலவில் மருந்துக்கும் மருத்துவத்துக்கும் பெரும்பங்கு உண்டு. அவை பொதுவான விலைவாசியைவிட வேகமாக உயர்பவை. ஆகவே ஓய்வுக்காலக் கணக்குக்கு 6 விழுக்காடு என்று கொள்வதே பாதுகாப்பு.

ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை உயர்ந்தால் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். 24 ஆண்டுகளில் நான்கு மடங்காகும். இன்று 40,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்தை 72 வயதில் நடத்த ஏறத்தாழ 80,000 ரூபாய் வேண்டும்.

இந்நிலையில் “வட்டியை மட்டும் எடுப்போம்” என்பவருக்கு இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, சொன்ன சொல்லைக் காப்பாற்றி மாதம் 40,000 ரூபாயோடு நிறுத்திக்கொள்வது. அசல் குறையாது, ஆனால் 72 வயதில் அந்தத் தொகைக்கு இன்றைய 20,000 ரூபாய்க்குரிய பொருளே கிடைக்கும். மற்றொன்று, விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் கூடுதலாக எடுத்து வாழ்க்கைத் தரத்தைக் காப்பாற்றுவது. அவ்வாறு செய்தால், 8 விழுக்காடு வருவாய் தடையின்றிக் கிடைத்தாலும், 60 இலட்சமும் 14 ஆண்டுகளில் தீர்ந்துவிடும்.

இந்த இரண்டாம் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது கணவர் மீண்டும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். அதுவரை பேசாதிருந்த மனைவி, “அவருக்கு 74 வயது என்றால் எனக்கு 70. அதற்கப்புறம் நான் என்ன செய்வது, சார்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நாங்கள் மூவரும் அமர்ந்து போட்ட கணக்கே இக்கட்டுரை.

உங்கள் சேமிப்பு எத்தனை ஆண்டுச் செலவு?

முதலில் ஓர் எளிய அளவுகோல். ஆண்டின் தொடக்கத்தில் அவ்வாண்டுக்கு வேண்டிய தொகையை எடுத்துவிட்டு மீதியை முதலீட்டில் விடுகிறோம். முதலீடு ஆண்டுக்கு 8 விழுக்காடு ஈட்டுகிறது. எடுக்கும் தொகை ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்கிறது என்று கொள்வோம். 60 இலட்சம் ரூபாய் எத்தனை ஆண்டுகள் வரும்?

முதல் ஆண்டில் மாதம் 40,000 ரூபாய் எடுத்தால்: 14 ஆண்டுகள்.
மாதம் 30,000 ரூபாய் எடுத்தால்: ஏறத்தாழ 20 ஆண்டுகள்.
மாதம் 25,000 ரூபாய் எடுத்தால்: ஏறத்தாழ 25 ஆண்டுகள்.
மாதம் 20,000 ரூபாய் எடுத்தால்: 33 ஆண்டுகள்.

உங்களிடம் இருப்பது 60 இலட்சமாக இல்லாமல் 25 இலட்சமாகவோ ஒரு கோடியாகவோ இருக்கலாம். அப்போதும் இதே அளவுகோல் பொருந்தும். மொத்தச் சேமிப்பை, அதிலிருந்து ஓர் ஆண்டுக்கு எடுக்க வேண்டிய தொகையால் வகுத்துப் பாருங்கள். விடை 12.5 வந்தால் 14 ஆண்டுகள், 16.7 வந்தால் 20 ஆண்டுகள். 20 வந்தால் 25 ஆண்டுகள். 25 வந்தால் 33 ஆண்டுகள். ஓய்வூதியமோ வீட்டு வாடகையோ வருமானால், அதைச் செலவிலிருந்து கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் இக்கணக்கைப் போட வேண்டும்.

இப்போது வட்டியின் பங்கைப் பார்ப்போம். மாதம் 30,000 ரூபாய் எடுப்பவருக்கு 8 விழுக்காடு வருவாயில் பணம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வருகிறது. வருவாய் 9 விழுக்காடானால் 22 ஆண்டுகள். 7 விழுக்காடானால் 18 ஆண்டுகள். அதாவது, ஒரு விழுக்காடு வட்டி கூடினாலோ குறைந்தாலோ வரும் வேறுபாடு இரண்டு ஆண்டுகள். எடுக்கும் தொகையை 30,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாகக் குறைத்தாலோ ஐந்து ஆண்டுகள் கூடுகின்றன.

இந்த ஒப்பீட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பெரும் இழப்பு ஒன்றைத் தவிர்க்கலாம். ஒன்றிரண்டு விழுக்காடு கூடுதல் வட்டிக்காக, முறையான பதிவு இல்லாத நிறுவனங்களில் வாழ்நாள் சேமிப்பை வைத்து அசலையும் இழந்தவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019-இல் வந்தது. ஆனாலும் பணம் போனபின் சட்டத்தின் துணையால் அதை மீட்க ஆண்டுக்கணக்கில் ஆகலாம். கூடுதல் வட்டி தரக்கூடியது இரண்டு மூன்று ஆண்டுகளே; அது பறிக்கக்கூடியது முழு ஆயுளுக்கான உணவு.

நான்கு விழுக்காட்டு விதி நமக்குப் பொருந்துமா?

இது தொடர்பாகப் பலரும் இணையத்தில் படித்துவிட்டு வந்து கேட்பது “நான்கு விழுக்காட்டு விதி” பற்றியே. வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து உருவானது இது. முதல் ஆண்டில் சேமிப்பில் 4 விழுக்காடு எடுத்து, பிறகு ஆண்டுதோறும் விலைவாசி உயர்வுக்கு ஏற்ப அத்தொகையைக் கூட்டிக்கொண்டு போனால், பணம் 30 ஆண்டுகள் வரும் என்பது அதன் சாரம்.

அது அமெரிக்கப் பங்குகள், கடன் பத்திரங்கள் ஆகியவற்றின் கடந்தகால விவரங்களைக் கொண்டு கணித்த முடிவு. நம் நாட்டு விலைவாசியும் வட்டியும் வேறு. ஆகவே அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும் அது சுட்டும் உண்மை நமக்கும் உரியது: இன்று கிடைக்கும் வட்டி 8 விழுக்காடு என்பதால் 8 விழுக்காட்டையும் எடுத்துச் செலவு செய்யலாம் என்று பொருளாகாது. வட்டியில் ஒரு பகுதி வருங்கால விலைவாசிக்கு உரியது. அதை இன்றே உண்டுவிட்டால் பின்னர் அசலிலிருந்துதான் உண்ண வேண்டிவரும்.

எந்த ஆண்டில் இழப்பு வருகிறது என்பதும் முக்கியம்

பணம் சேர்க்கும் காலத்தில் சராசரி வருவாயைப் பார்த்தால் போதும். பணம் எடுக்கும் காலத்தில் அவ்வாறு இல்லை. ஒரு சிறு எடுத்துக்காட்டு: இருவர் தலா 10 இலட்சம் ரூபாய் வைத்திருக்கின்றனர். இருவரும் ஆண்டு முடிவில் 1 இலட்சம் எடுக்கின்றனர். முதலாமவரின் முதலீடு முதல் ஆண்டில் 30 விழுக்காடு உயர்கிறது. இரண்டாம் ஆண்டில் 10 விழுக்காடு உயர்கிறது. மூன்றாம் ஆண்டில் 25 விழுக்காடு வீழ்கிறது. இரண்டாமவருக்கு இதே மூன்று ஆண்டுகள் தலைகீழாக வருகின்றன: முதலில் 25 விழுக்காடு வீழ்ச்சி, பிறகு 10 விழுக்காடு உயர்வு, கடைசியில் 30 விழுக்காடு உயர்வு.

பணம் எடுக்காதிருந்தால் இருவரிடமும் ஒரே தொகை இருந்திருக்கும். எடுத்ததனால் முதலாமவரிடம் 8 இலட்சத்து 15 ஆயிரம் ரூபாயும் இரண்டாமவரிடம் ஏறத்தாழ 7 இலட்சம் ரூபாயும் மிஞ்சுகின்றன. சந்தை வீழ்ந்த நேரத்தில் விற்று எடுத்த பணம், சந்தை மீண்டபோது உடன் வளர்வதற்கு அங்கு இல்லை. ஓய்வின் முதல் சில ஆண்டுகளில் வரும் வீழ்ச்சி, பின்னாளில் வரும் வீழ்ச்சியைவிட அதிகமாக வலிப்பது இதனால்தான்.

நம் நாட்டில் இது இருமுறை கண்முன் நடந்தது. 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளை எட்டிய மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ், அவ்வாண்டு அக்டோபரிலேயே 9,000-க்கும் கீழே சென்றது. பழைய உயரத்தை அது மீண்டும் தொட 2010 நவம்பர் ஆயிற்று. 2020 ஜனவரியில் 42,000 புள்ளிகளை ஒட்டியிருந்த அதே குறியீடு, மார்ச் 23 அன்று 26,000-க்கும் கீழே முடிந்தது. அவ்வாண்டு முடியுமுன் மீண்டெழுந்தது. ஒருமுறை சில மாதங்கள், மற்றொரு முறை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். காத்திருக்க முடிந்தவர்கள் இரண்டு முறையும் தப்பினர். மாதச் செலவுக்காக விற்க வேண்டியிருந்தவர்கள் இழந்தனர்.

வைப்புகளுக்கும் இத்தகைய இடர் உண்டு. அது வேறு வடிவில் வரும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2020 மார்ச் 31 வரை 8.6 விழுக்காடு, மறுநாள் ஏப்ரல் 1 முதல் 7.4 விழுக்காடு. அன்றைய உச்சவரம்பான 15 இலட்சம் ரூபாயை வைத்தவருக்கு மாதக் கணக்கில் 10,750 ரூபாய் வந்திருக்க வேண்டிய இடத்தில் 9,250 ரூபாய் வந்தது. அதற்கு முன் வைத்தவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கும் பழைய வட்டியே தொடர்ந்தது. 2020-21-இல் சில்லறைப் பணவீக்கமோ 6 விழுக்காட்டுக்கும் மேல். எல்லா வைப்புகளும் ஒரே நாளில் முதிர்ச்சி அடையும்படி வைத்திருப்பவர், அந்த ஒரு நாளின் வட்டி விகிதத்தோடு தம் ஐந்து ஆண்டுகளைக் கட்டிவிடுகிறார்.

உண்ணும் நெல், பத்தாயத்து நெல், விதைநெல்

வேளாண் குடும்பங்களில் விளைந்த நெல்லை ஒரே குவியலாக வைப்பதில்லை. இந்த மாதம் உண்பதற்கு ஒன்று, அடுத்த அறுவடை வரைக்கும் பத்தாயத்தில் ஒன்று, விதைக்கென்று தனியே ஒன்று. ஓய்வுக்காலச் சேமிப்பையும் அவ்வாறே மூன்றாகப் பிரித்தால், முன்னே சொன்ன இடர்கள் பெரும்பாலும் கட்டுக்குள் வரும். அந்தத் தம்பதியரின் 60 இலட்சத்தை நாங்கள் பிரித்த விதம் வருமாறு.

அதற்கு முன் அவர்கள் செலவுப் பட்டியலை மறுபடி எழுதினர். வாகனத்தை மாற்றும் எண்ணம், ஆண்டுக்கு இருமுறை நெடும்பயணம் ஆகியவற்றை ஒத்திவைத்தபோது மாதச் செலவு 30,000 ரூபாயில் நின்றது. ஓய்வூதியம் 5,000 போகச் சேமிப்பிலிருந்து வேண்டியது 25,000. ஆண்டுக்கு 3 இலட்சம்.

முதல் பகுதி, 6 இலட்சம். இதில் 3 இலட்சம் ஓர் ஆண்டுச் செலவுக்கு. 3 இலட்சம் எதிர்பாராத மருத்துவத்துக்கு. சேமிப்புக் கணக்கிலும் குறுகியகால வைப்பிலும் இருக்கும். இதன் வேலை வட்டி ஈட்டுவதன்று. கேட்ட நேரத்தில் கையில் இருப்பது.

இரண்டாம் பகுதி, 42 இலட்சம். இதில் 30 இலட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். ஒருவருக்கான உச்சவரம்பு இதுவே. 2025-26 நிதியாண்டில் வட்டி 8.2 விழுக்காடு, காலாண்டுக்கு 61,500 ரூபாய். ஐந்து ஆண்டுகளுக்கு இது மாறாது. முதிர்ந்தபின் அன்றைய வட்டியில் மூன்று மூன்று ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ளலாம். மீதி 12 இலட்சத்தை 3 இலட்சம் வீதம் நான்கு வங்கி வைப்புகளாக்கி, ஆண்டுக்கு ஒன்று முதிரும்படி வைத்தோம். தேவையில்லாத ஆண்டில் முதிர்ந்த வைப்பை மீண்டும் நான்கு ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம்; தேவைப்படும் ஆண்டில் முதல் பகுதிக்கு மாற்றலாம். வங்கி வைப்புகளுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாம் பகுதி, 12 இலட்சம். பங்குகளும் கடன் பத்திரங்களும் கலந்த பரஸ்பர நிதித் திட்டங்களில். விலைவாசியை முந்தி வளர வாய்ப்புள்ள பகுதி இது ஒன்றே. இதன் வருவாய் உறுதியானதன்று. சில ஆண்டுகளில் மதிப்புக் குறையவும் செய்யும். ஆகவே எட்டு ஆண்டுகளுக்குள் தேவைப்படக்கூடிய பணத்தை இதில் வைக்கலாகாது என்று முடிவு செய்தோம்.

இப்போது முதல் மூன்று ஆண்டுகளைப் பார்ப்போம். சேமிப்புத் திட்டத்திலிருந்து 2,46,000 ரூபாய்; வங்கி வைப்புகளுக்கு 6.5 விழுக்காடு எனக் கொண்டால் 78,000 ரூபாய்; ஆக ஆண்டுக்கு 3,24,000 ரூபாய் வரும். முதல் ஆண்டுத் தேவை 3,00,000. மிச்சம் 24,000. இரண்டாம் ஆண்டில் வீட்டுச் செலவு 6 விழுக்காடு கூடும், ஓய்வூதியம் கூடாது, ஆகவே தேவை 3,21,600. மிச்சம் ஏறத்தாழ இல்லை. மூன்றாம் ஆண்டில் தேவை 3,44,500-ஐ ஒட்டும். 20,000 ரூபாய் துண்டு விழும்.

இதில் கவனிக்க வேண்டியது முதல் ஆண்டின் மிச்சம். ஓய்வு பெற்ற புதிதில் வரவு தாராளமாகத் தெரிவது இயல்பு. அதை நம்பிச் செலவை உயர்த்தியவர்கள் மூன்றாம் ஆண்டிலேயே அசலை எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் ஆண்டின் மிச்சம் பின்னாளுக்கு உரியது. அதை மூன்றாம் பகுதியிலோ புதிய வைப்பிலோ சேர்த்துவிட வேண்டும்.

சேமிப்புத் திட்ட வட்டியும் ஓய்வூதியமும் போக முதல் எட்டு ஆண்டுகளில் விழும் துண்டுகளைக் கூட்டினால் 11 இலட்சத்துச் சொச்சம். அதை 12 இலட்ச வங்கி வைப்புகளே தாங்கும். ஐந்தாம் ஆண்டில் சேமிப்புத் திட்ட வட்டி சற்றுக் குறைந்தாலும், அவ்வைப்புகளின் வட்டி அதை ஈடுகட்டும். அந்த எட்டு ஆண்டுகளில் சந்தை ஒருமுறை வீழ்ந்தாலும் மூன்றாம் பகுதியை விற்க வேண்டிய கட்டாயம் வராது. அப்பகுதி ஆண்டுக்கு 6 விழுக்காடே வளர்ந்தால் எட்டு ஆண்டு முடிவில் 19 இலட்சமாகவும், 10 விழுக்காடு வளர்ந்தால் 25 இலட்சத்துக்கு மேலும் ஆகியிருக்கும். அதன்பின் சந்தை நன்றாக இருக்கும் ஆண்டுகளில் அதிலிருந்து சிறிது எடுத்து இரண்டாம் பகுதியை நிரப்ப வேண்டும். சந்தை வீழ்ந்த ஆண்டில் அதைத் தொடாமல் பத்தாயத்திலிருந்தே உண்ண வேண்டும்.

ஒரே நாளில் கரையும் ஐந்து ஆண்டுகள்

மாதச் செலவில் 500 ரூபாயைப் பார்த்துப் பார்த்துக் குறைப்பவர்களும் ஒரே காசோலையில் பெருந்தொகையைக் கொடுத்துவிடுவதுண்டு. ஓய்வூதியப் பணம் வந்த ஆண்டிலேயே பிள்ளையின் வீட்டுக்கோ தொழிலுக்கோ 10 இலட்சம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 60 இலட்சம் 50 இலட்சமாகிறது. ஆண்டுக்கு 3 இலட்சம் எடுத்தால் 25 ஆண்டுகள் வரவேண்டிய பணம் 20 ஆண்டுகளில் முடியும். பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று எந்த வங்கி அலுவலரும் சொல்ல முடியாது. கொடுப்பது 10 இலட்சம் ரூபாயை மட்டுமன்று, தம் கடைசி ஐந்து ஆண்டுகளையும் சேர்த்தே என்பதை அறிந்து கொடுங்கள் என்று மட்டும் சொல்லலாம். பிள்ளைக்கு வீட்டுக்கடன் கிடைக்கும். முதுமைக்குக் கடன் தருவார் இல்லை.

பெருந்தொகையைக் கரைக்கும் மற்றொன்று மருத்துவமனைச் செலவு. 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவப் பாதுகாப்பு 2024 அக்டோபர் முதல் உண்டு. 60-க்கும் 70-க்கும் இடைப்பட்ட பத்து ஆண்டுகளுக்கு மருத்துவக் காப்பீடு ஒன்றைத் தொடர்ந்து வைத்திருப்பது, அதன் கட்டணம் உறுத்தினாலும், சேமிப்புக்கு வேலி.

வரியும் படிவமும்

2025-26 நிதியாண்டு முதல் மூத்த குடிமக்களின் வங்கி வட்டி ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் மூலத்தில் வரி பிடிக்கப்படும். மொத்த வருமானத்துக்கு வரியே இல்லை என்னும் நிலையில் உள்ளவர்கள் நிதியாண்டின் தொடக்கத்திலேயே அதற்கான உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் பிடித்தம் இருக்காது. அதைக் கொடுக்க மறந்தால், பிடித்த பணம் திரும்பி வரும்வரை மாதச் செலவுக்கு அசலைக் கலைக்க நேரிடும். பங்கு சார்ந்த நிதிகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும்போது, ஆண்டுக்கு 1 இலட்சத்து 25 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு வரி உண்டு. ஆகவே ஒரே ஆண்டில் மொத்தமாக விற்காமல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக எடுப்பது நல்லது. கணவரின் பணத்தை மனைவி பெயரில் வைத்தால் அதன் வருமானம் வரிக் கணக்கில் கணவரோடுதான் சேரும் என்பதையும் பலர் அறிவதில்லை.

மனைவியின் கணக்கு

இத்தனைக்கும் பிறகு அந்த அம்மையாரின் கேள்விக்கு விடை என்ன? 60 இலட்சத்தின் மூன்று பகுதிகளும் சேர்ந்து சராசரியாக 8 விழுக்காட்டை ஒட்டி ஈட்டினால், ஆண்டுக்கு 3 இலட்சம் எடுக்கும் திட்டம் 25 ஆண்டுகள் வரவேண்டும். ஓய்வூதியம் விலைவாசியோடு உயராததால் அதில் இரண்டு ஆண்டுகள் குறையும். எஞ்சுவது 22 ஆண்டுகளுக்குச் சற்று மேல். கணவருக்கு 82 வயது, மனைவிக்கு 78. முதல் கணக்கைவிட எட்டு ஆண்டுகள் கூடியிருக்கின்றன. ஆயினும் அது முழுமையான விடையன்று என்பதை அவர்களிடம் மறைக்கவில்லை.

மேலும் மூன்று செய்திகளைப் பேசினோம். முதலாவது, கணவர் அறிமுகமான பட்டறை ஒன்றில் ஐந்து ஆண்டுகளுக்கு அரைநாள் மேற்பார்வை வேலை ஏற்று மாதம் 10,000 ரூபாய் ஈட்டினால், சேமிப்பின் ஆயுள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். ஓய்வின் தொடக்கத்தில் எடுக்காமல் விடும் பணமே மிக நீண்ட காலம் வளர்வது. இரண்டாவது, சொந்த வீடு. 60 வயது கடந்தவர்கள், தாம் வாழும் வீட்டை ஈடாக வைத்து, வாழும்வரை அதிலேயே இருந்துகொண்டு வங்கியிடமிருந்து குறிப்பிட்ட காலத்துக்குத் தவணைத் தொகை பெறும் எதிர்மறை வீட்டடமானத் திட்டம் 2007 முதல் உண்டு. அதைக் கடைசிக் காப்பாக வைத்திருக்க வேண்டுமாயின் வீட்டை இப்போதே பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிடக் கூடாது. மூன்றாவது, எல்லாக் கணக்குகளிலும் மனைவியின் பெயர் இருக்க வேண்டும். வங்கி வைப்புகளை இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர் எடுக்கும் வகையில் கூட்டாக வைத்து, வாரிசு நியமனமும் செய்துவிட வேண்டும். தொழிலாளர் ஓய்வூதியம் கணவருக்குப் பின் மனைவிக்குப் பாதியளவு தொடரும். அதற்கான ஆவணங்களில் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிட வேண்டும்.

ஏப்ரலில் ஒரு மணி நேரம்

திட்டம் போட்டதோடு வேலை முடிவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, அந்த உறுதிமொழிப் படிவம் கொடுக்கும் ஏப்ரல் மாதத்திலேயே, கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து மூன்று எண்களை எழுதுங்கள்: மொத்தச் சேமிப்பு; வரும் ஆண்டில் அதிலிருந்து எடுக்க வேண்டிய தொகை; இருவரில் இளையவருக்கு 90 வயதாக இன்னும் எத்தனை ஆண்டுகள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, மேலே தந்த அளவுகோலோடு ஒப்பிடுங்கள்.

70 வயதில் இன்னும் 25 ஆண்டுகள் வேண்டும் என்றால் விடை 20 ஆக இருக்க வேண்டும். 80 வயதில் 14 ஆண்டுகள் வேண்டும் என்றால் 12.5 போதும். விடை குறைவாக இருந்தால் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் எடுக்கும் தொகையை உயர்த்தாமல் சென்ற ஆண்டின் அளவிலேயே நிறுத்துங்கள். பெரும்பாலான குடும்பங்களால் ஓர் ஆண்டு அப்படி இழுத்துப் பிடிக்க முடியும். பத்து ஆண்டுகள் கவனிக்காமல் விட்டுவிட்டு ஒரே நாளில் செலவைப் பாதியாக்குவது யாராலும் முடியாது. விடை வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தால், ஒத்திவைத்த பயணத்தைத் தயங்காமல் மேற்கொள்ளுங்கள். சேமிப்பு இருப்பது அதற்காகவும்தான்.

இவ்வாண்டு ஏப்ரலில் அந்தத் தம்பதியர் மீண்டும் வந்தனர். கணவர் அரைநாள் வேலைக்குப் போகிறார். இம்முறை கணக்குத்தாள் மனைவியின் கையில் இருந்தது. மூன்று எண்களையும் அவரே எழுதி வகுத்து வைத்திருந்தார். வட்டி எவ்வளவு என்று அவர் கேட்டது, அதையெல்லாம் காட்டி முடித்த பிறகுதான்.

நீங்களும் உங்கள் மூன்று எண்களோடு அருகிலுள்ள கிளைக்கு வாருங்கள். துணைவரையும் உடன் அழைத்து வாருங்கள்.